கால்வாயும் பாலமும் வளர்த்த நகரம்: திருநெல்வேலி

பொதிகை மலையின் கிழக்குச் சரிவில் தோன்றிப் பாபநாசத்தில் சமவெளியைத் தொட்டு, புன்னைக்காயலுக்கு அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கும் தாமிரபரணி, ஏறத்தாழ 125 கிலோமீட்டர் நீளமே உடைய சிறிய ஆறு. நீளத்தில் காவிரிக்கும் வைகைக்கும் அது ஈடாகாது எனினும், காவிரிக்கு இல்லாத ஒரு பேறு அதற்கு உண்டு. தமிழ்நாட்டு மண்ணிலேயே பிறந்து, அந்த மண்ணிலேயே கடலைச் சேர்வதால், மேலே இருக்கும் வேறு மாநிலம் ஒன்றின் தயவை எதிர்பார்க்க வேண்டிய நிலை அதற்கு இல்லை. ஆனி, ஆடி மாதங்களின் தென்மேற்குப் பருவமழை மலை உச்சியில் பெய்ய, ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் வடகிழக்குப் பருவமழை மலையிலும் சமவெளியிலும் பெய்ய, இரு மழையையும் வாங்கிக்கொள்ளும் ஆறாக அது இருப்பதனால்தான், மானாவாரிக் கரிசலும் செம்மணல் தேரியும் சூழ்ந்த வறண்ட தென்கோடியில் ஒரு பச்சை நாடா போல நெல்வயல்கள் நீண்டு கிடக்கின்றன. அந்த வயல்களின் நடுப்பகுதியில், ஆற்றின் இரு கரையிலும் பரந்து கிடப்பது திருநெல்வேலி நகரம்.

இந்நகரைப் புரிந்துகொள்ள விரும்பும் பயணி, ரயில் நிலையத்தில் இறங்கி நேரே கோயிலுக்குச் செல்வதைவிட, பாபநாசத்திலிருந்து ஆற்றின் போக்கிலேயே கிழக்கு நோக்கி வருவது நல்லது. ஏனெனில் நகரம் எப்படி அமைந்தது என்பதற்கான விடை நகரத்துக்குள் இல்லை, அதற்கு மேற்கே இருக்கும் அணைக்கட்டுகளில் இருக்கிறது. அணைக்கட்டு என்று இப்பகுதியில் சொல்வது, நீரைத் தேக்கி வைக்கும் பெரிய அணையை அன்று. ஆற்றுக்குக் குறுக்கே கல்லால் தாழ்வாகக் கட்டி, நீர்மட்டத்தைச் சற்றே உயர்த்தி, ஒரு பங்கைப் பக்கவாட்டில் கால்வாய்க்குத் திருப்பிவிட்டு, எஞ்சியதைத் தன் மேலேயே வழிந்தோட விடும் தடுப்பையே அச்சொல் குறிக்கிறது. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று மலையடிவாரத்திலிருந்து கடலோரம் நோக்கி எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஆங்கிலேயர் ஆட்சியில் கட்டப்பட்ட ஸ்ரீவைகுண்டத்தைத் தவிர, மற்ற ஏழும் பாண்டியர், நாயக்கர் காலங்களின் கொடை. இவற்றிலிருந்து பிரியும் கால்வாய்களும், அக்கால்வாய்கள் நிரப்பும் குளங்களும் சேர்ந்து இன்றும் சுமார் 86,000 ஏக்கர் நிலத்துக்குப் பாசனம் அளிக்கின்றன. தென்மேற்குப் பருவத்து நீரை நம்பி நடுவது கார் சாகுபடி, வடகிழக்குப் பருவத்து நீரை நம்பி நடுவது பிசானச் சாகுபடி. அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி என்று வழியெங்கும் வரும் ஊர்களின் திருவிழாவும் திருமணமும் கடன் தவணையும் நெடுங்காலம் இந்த இரு போகங்களைக் கணக்கில் வைத்தே நடந்து வந்தன. நயமான கோரைப்பாய்க்குப் பெயர் பெற்ற பத்தமடையும் இந்த வழியில்தான் இருக்கிறது.

நகரத்தின் எல்லைக்கு அருகே மூன்று கால்வாய்கள் முக்கியமானவை. அரியநாயகிபுரம் அணைக்கட்டிலிருந்து இடது கரையில் கோடகன் கால்வாயும், சுத்தமல்லி அணைக்கட்டிலிருந்து அதே கரையில் நெல்லைக் கால்வாயும், பழவூர் அணைக்கட்டிலிருந்து வலது கரையில் பாளையங்கால்வாயும் பிரிகின்றன. நெல்லைக் கால்வாய் பேட்டையைக் கடந்து பழைய நகரத்தை ஒட்டி வந்து நயினார்குளத்தை நிரப்புகிறது, பாளையங்கால்வாய் மேலப்பாளையத்தையும் பாளையங்கோட்டையையும் தொட்டுச் செல்கிறது. ஆற்றங்கரை நகரம் என்று சொல்லப்பட்டாலும், திருநெல்வேலி ஆற்றின் விளிம்பில் பிறந்த ஊர் அன்று. நெல்லையப்பர் கோயிலிலிருந்து ஆற்றுக்குச் செல்ல வேண்டுமானால், தெற்கே குறுக்குத்துறை வரை ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும். ஆறு தனக்கென வைத்துக்கொள்ளும் இடத்தை ஆற்றுக்கே விட்டுவிட்டு, கால்வாய் நீர் எட்டுகின்ற, வெள்ளம் எட்டாத மேட்டைத் தேர்ந்து குடியேறிய முன்னோரின் அறிவே இந்த நகரத்தின் முதல் வரைபடம். இடைப்பட்ட வெளி முழுவதும் வயலாக இருந்தது. பயிர் வெள்ளத்தில் மூழ்கினால் அந்தப் போகம் போகும், ஆனால் வீடும் கோயிலும் களஞ்சியமும் நிற்கும் என்பதே அவர்களுடைய கணக்கு.

கோயிலின் தலபுராணமும் இந்த நிலத்தோடு ஒட்டியதே. மூங்கில் காடாகக் கிடந்த வேணுவனத்தில் இறைவன் வெளிப்பட்டதாக ஒரு கதையும், வேதபட்டர் என்ற அடியவர் நிவேதனத்துக்கு உலர்த்தியிருந்த நெல்லை இறைவன் மழையிலிருந்து காத்ததாக இன்னொரு கதையும் சொல்லப்படுகின்றன. அடியவர் ஆற்றுக்கு நீராடச் சென்ற நேரத்தில் மழை பொழிய, பதறி ஓடி வந்தவர், சுற்றிலும் வெள்ளம் ஓட நெல் மட்டும் நனையாமல் கிடந்ததைக் கண்டார் என்பது இரண்டாம் கதை. ஆறும் நெல்லும் மழையும் தெய்வமும் ஒரே காட்சியில் வந்து சேர்வது இதில் கவனிக்கத்தக்கது. திருஞானசம்பந்தர் பாடிய தலமாதலின், 7ஆம் நூற்றாண்டிலேயே இங்குப் புகழ்பெற்ற கோயில் ஒன்று இருந்தது உறுதி. இடைக்காலக் கல்வெட்டுகள் இவ்வூரைக் கீழ்வேம்ப நாடு என்னும் நாட்டுப் பிரிவைச் சேர்ந்ததாகக் குறிக்கின்றன. நாடு என்பது அன்று பல ஊர்களின் வேளாண் கூட்டமைப்பு, ஒரே நீர் ஆதாரத்தைப் பங்கிட்டுக்கொண்ட ஊர்களின் குழு என்றே பல இடங்களில் அதைக் கருதலாம்.

நெல்லையப்பர் கோயிலும் காந்திமதி அம்மன் கோயிலும் அருகருகே எழுந்த இரு தனிக் கோயில்களாகவே இருந்தன. 1647இல் வடமலையப்ப பிள்ளையன் கட்டிய சங்கிலி மண்டபம் இரண்டையும் இணைத்தது. சங்கிலி மண்டபத்தின் நீண்ட நடையில் ஒரு சன்னதியிலிருந்து மற்றொன்றுக்கு நடக்கும்போது, இரு தனிக் கட்டடங்களை ஓர் இடைவழி எப்படி ஒரே வளாகமாக்கிவிடுகிறது என்பது காலடியிலேயே விளங்கும். ஏறத்தாழ 850 அடி நீளமும் 756 அடி அகலமும் கொண்ட அவ்வளாகத்தில், மணி மண்டபத்து இசைத்தூண்கள் தனிச் சிறப்புடையவை. ஒரே கல்லில் பெரிய தூணும் அதைச் சுற்றிப் பல சிறு தூண்களும் செதுக்கப்பட்டிருக்க, சிறு தூண்களைத் தட்டினால் தடிப்புக்கும் நீளத்துக்கும் ஏற்ப வெவ்வேறு சுரம் எழுகிறது. நடராசருக்குரிய ஐந்து சபைகளில் ஒன்றான தாமிர சபையும் இங்கே உள்ளது. கோயிலைச் சுற்றிய நான்கு ரத வீதிகளின் அகலம் தேரின் அளவைப் பார்த்து அமைந்தது. ஆனித் திருவிழாவில் நெல்லையப்பர் தேர் திரும்ப வேண்டிய மூலைகளே பழைய நகரின் மூலைகள், அந்த வீதிகளைத் தாண்டித்தான் கடைத்தெருவும் குடித்தெருவும் விரிந்தன. நகரின் மற்றப் பகுதிகள் எத்தனை வளர்ந்தாலும், இப்பழைய பகுதியை மட்டும் மக்கள் இன்றும் ‘டவுன்’ என்றே சொல்கிறார்கள்.

டவுனிலிருந்து குறுக்குத்துறைக்குச் செல்லும் பயணி, இந்நகரம் ஆற்றோடு எப்படி வாழப் பழகியது என்பதற்கான மிகத் தெளிவான சான்றை அங்கே காணலாம். ஆற்றுக்குள்ளேயே, பாறையை ஒட்டி நிற்கும் முருகன் கோயில் அது. திருச்செந்தூர் மூலவர் திருவுருவம் இங்குள்ள பாறையில் வடிக்கப்பட்டது என்பது ஊர் மரபு. வெள்ளம் வரும் திசையை நோக்கிய வெளிச்சுவர், படகின் முன்முனை போலக் கூர்மையாகக் கட்டப்பட்டிருக்கிறது. தட்டையான சுவராக இருந்தால் வெள்ளம் முழு வேகத்தோடு மோதித் தள்ளிவிடும், கூர்முனையோ நீரை இரண்டாகப் பிளந்து இரு பக்கமும் அனுப்பிவிடுகிறது. நீர்மட்டம் உயரும் செய்தி வந்ததும் உற்சவர் சிலையையும் உண்டியலையும் பூசைப் பொருள்களையும் கரையில் உள்ள மேலக்கோயிலுக்கு எடுத்துச் சென்றுவிடுவார்கள், மூலவர் மட்டும் கருவறையில் நீருக்குள் இருப்பார். வெள்ளம் வடிந்தபின் கோயிலுக்குள் படிந்த மணலையும் சேற்றையும் வாரிக் கழுவிவிட்டு, உற்சவரை மறுபடியும் கீழே கொண்டுவருவார்கள். வெள்ளம் கோயிலுக்குள் வருவது ஒரு பேரிடராக அல்லாமல் ஆண்டு வழக்கத்தின் பகுதியாகக் கருதப்பட்டு, அதற்கேற்பக் கட்டடமும் நடைமுறையும் அமைந்திருக்கின்றன. ஆற்றுக்குள் கட்ட வேண்டுமென்றால் இப்படித்தான் கட்ட வேண்டும் என்பதை அறிந்த கைகள் அவை.

தாமிரபரணி நாகரிகத்தின் மிகப் பழைய தடயங்கள் நகரத்தில் அல்ல, அதற்குக் கிழக்கே ஆற்றின் கீழ்ப்பகுதியில் கிடைத்திருக்கின்றன. ஏறத்தாழ 24 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஆதிச்சநல்லூரில், இறந்தோரைப் பெரிய தாழிகளில் இட்டுப் புதைத்த பரந்த ஈமக்காட்டை 1876இல் ஜெர்மானியரான யாகோர் தோண்டினார். அதன்பின் அலெக்சாண்டர் ரீ விரிவான அகழாய்வு நடத்தி இரும்புக் கருவிகளையும் வெண்கலப் பொருள்களையும் பொன் நெற்றிப்பட்டங்களையும் வெளிக்கொணர்ந்தார். அருகிலுள்ள சிவகளையில் தாழி ஒன்றில் கிடைத்த நெல்லின் காலம், கரிமப் பகுப்பாய்வின்படி கி.மு. 1155 என்று 2021இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. சங்க காலப் பாண்டியரின் முத்துத் துறைமுகமான கொற்கை, ஆறு சுமந்து வந்த வண்டல் கரையைத் தள்ளிக்கொண்டே போனதால் இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே நிற்கிறது. திருநெல்வேலியின் எழுச்சியை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். கடல் வணிகத்தை நம்பிய கீழாற்று ஊர்கள் தளர்ந்த காலத்தும், நெல்லை நம்பிய நடு ஆற்று ஊர் தளரவில்லை, கால்வாய் பாய்ந்தவரை கோயிலுக்கும் அரசுக்கும் அங்கே வருவாய் இருந்தது.

16ஆம் நூற்றாண்டில் மதுரை நாயக்கராட்சியை நிறுவிய விசுவநாத நாயக்கரும் அவருடைய தளவாய் அரியநாத முதலியாரும் தென்பாண்டி நாட்டைப் பாளையங்களாகப் பிரித்தனர். பாளையம் என்பது, படை வைத்திருக்கும் தலைவர் ஒருவர் ஒரு வட்டாரத்தின் வரியையும் காவலையும் பொறுப்பேற்று, போர் வந்தால் படை அனுப்பக் கடமைப்பட்ட அமைப்பு. பாளையங்கள் பெரும்பாலும் கரிசலிலும் மலையடியிலும் அமைய, ஆற்றுப்பாசன நிலமும் அதன் வருவாயும் திருநெல்வேலியில் இருந்த அதிகாரிகளின் நேரடிப் பிடியில் இருந்தன. வறண்ட நிலத்துப் படையும் நன்செய் நிலத்துப் பணமும் என்ற இந்தப் பிரிவினையே பின்னால் வந்த பூசல்கள் பலவற்றுக்கு வேராக அமைந்தது. டேவிட் லட்டன் இம்மாவட்டத்தின் வேளாண் வரலாற்றை எழுதியபோது நன்செய், புன்செய், கலப்பு என்று நிலவகைகளைப் பிரித்துக்கொண்டே ஆராய்ந்தது மிகவும் பொருத்தமான முறை.

ஆர்க்காட்டு நவாபும் கிழக்கிந்தியக் கம்பெனியும் வரி கேட்டு வந்த 18ஆம் நூற்றாண்டில், ஆற்றின் மறுகரையில் இருந்த பாளையங்கோட்டை முதன்மை பெற்றது. கோட்டையும் அதில் தங்கிய படையும் அதைத் தென்பகுதியின் இராணுவ மையமாக்கின. வீரபாண்டிய கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டபின், அவர் தம்பி ஊமைத்துரையும் மற்றவர்களும் பாளையங்கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டனர். 1801 பிப்ரவரியில் அவர்கள் சிறையிலிருந்து தப்பிப் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மிகக் குறுகிய நாள்களில் மீண்டும் எழுப்பிய செய்தி, தென்னாட்டுக் கிளர்ச்சி வரலாற்றில் மிக எழுச்சியான பகுதி. அதே ஆண்டு கிளர்ச்சி ஒடுக்கப்பட, ஆர்க்காட்டு நவாபின் கர்நாடக ஆட்சியும் கம்பெனியின் கைக்கு முழுமையாக வந்தது. கோட்டை 19ஆம் நூற்றாண்டில் இடிக்கப்பட்டுவிட்டது. எஞ்சிய வாசல் பகுதி ஒன்றில் இயங்கிய காவல் நிலையத்தை ஊரார் ‘மேடைப் போலீஸ் ஸ்டேஷன்’ என்றே அழைத்து வந்தனர்.

படை இருந்த ஊருக்குப் பாதிரிமார் வந்தனர், பாதிரிமார் வந்த ஊருக்குப் பள்ளிகள் வந்தன. கிளாரிந்தா என்ற பெயர் பெற்ற பிராமணக் கைம்பெண் 1785இல் பாளையங்கோட்டையில் கட்டிய சிறு கோயிலே இங்குச் சீர்திருத்தக் கிறித்தவத்தின் தொடக்கம். 1820இல் வந்த ரேனியஸ் ஐயர், தமிழைத் தேர்ந்து கற்று, பள்ளிகளைத் திறந்து, 1838இல் இங்கேயே மறைந்தார். 1826இல் எழுந்த தூய திரித்துவப் பேராலயத்தின் கூர்மையான கோபுரத்தைக் கொண்டு மக்கள் அதற்கு ஊசிக்கோபுரம் என்று பெயரிட்டார்கள். இந்தியாவுக்கே வராமல் இங்கிலாந்தில் வாழ்ந்து மறைந்த சாரா டக்கரின் நினைவாகத் தோன்றிய பெண்கள் கல்வி நிலையமும், தூய யோவான் கல்லூரியும், 1923இல் இயேசு சபையார் தொடங்கிய தூய சவேரியார் கல்லூரியும், 1890களில் ஆஸ்க்வித் அம்மையார், சுவெயின்சன் அம்மையார் ஆகியோரின் முயற்சியால் உருவான பார்வையற்றோர் பள்ளியும் செவித்திறன் குறைந்தோர் பள்ளியும் சில சதுர கிலோமீட்டருக்குள் அடங்கின. தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்ற பட்டப்பெயரை இவ்வூர் பெற்றது இவற்றால்தான். பட்டப்பெயரைவிட முக்கியமானது ஒன்று உண்டு. கோயில் நகரத்தின் வீதிகளில் இடம் மறுக்கப்பட்ட தேரிக்காட்டுப் பனையேறிக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும், ஒடுக்கப்பட்ட மற்ற மக்களின் பிள்ளைகளுக்கும் இக்கரையின் விடுதிகளிலும் வகுப்பறைகளிலும் இடம் கிடைத்தது. அக்கரை நெல்லையும் கோயிலையும் சார்ந்த பழைய செல்வத்தின் ஊர், இக்கரை கோட்டையும் பள்ளியும் அலுவலகமும் சார்ந்த புதிய வாய்ப்பின் ஊர் என்று இரண்டும் நெடுங்காலம் தனித்தனி உலகங்களாகவே இருந்தன. பாளையங்கோட்டைக் கிறித்தவக் குடும்பங்களின் பிற்கால வாழ்வை வண்ணநிலவன் தம் நாவல் ஒன்றில் சித்தரித்தபோது, அதற்கு இட்ட தலைப்பு ‘ரெயினீஸ் ஐயர் தெரு’.

இவ்விரு உலகங்களையும் சேர்த்தது ஒரு பாலம். 1840கள் வரை ஆற்றைக் கடக்கப் படகே வழி. மாவட்ட அலுவலகம் வலது கரையிலும் சந்தையும் கோயிலும் இடது கரையிலும் இருக்க, வெள்ள நாள்களில் இரண்டுக்கும் இடையே போக்குவரத்து முற்றிலும் நின்றது. கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தார் பதவியில், அதாவது ஆவணங்களையும் வருவாய்க் கணக்குகளையும் மேற்பார்க்கும் தலைமை இந்திய அதிகாரியாக இருந்த சுலோசன முதலியார், பொதுமக்களிடம் பிரித்த பணத்தை எதிர்பாராமல், ஏறத்தாழ 50,000 ரூபாயைத் தம் சொந்தப் பொறுப்பில் கொடுத்துப் பாலம் கட்ட முன்வந்தார். பொறியாளர் ஹார்ஸ்லி வரைபடம் தந்தார், லண்டன் தேம்ஸ் ஆற்றின் வாட்டர்லூ பாலம் அதற்கு முன்மாதிரி. 1843 நவம்பரில் திறக்கப்பட்ட பாலத்தின் நீளம் சுமார் 760 அடி, தலா 60 அடி விட்டமுள்ள 11 வளைவுகள் அதைத் தாங்கின. ஆற்றுக்குள் இறங்கி நின்று பார்த்தால், வளைவுகளுக்கு இடையே உள்ள தாங்குசுவர்களில் இணை இணையாக நிற்கும் உருளைத் தூண்களைக் காணலாம், வாட்டர்லூ பாலத்தின் சாயல் அங்கேதான் தெளிவாகத் தெரிகிறது. 1869 வெள்ளத்தில் ஒரு பகுதி இடிந்து சீரமைக்கப்பட்டது, பிற்காலத்தில் போக்குவரத்துக்காக அகலப்படுத்தப்பட்டது, ஆனாலும் அடிப்படை மாறவில்லை. அரசாங்கமே செய்ய வேண்டிய பணியை ஓர் அலுவலர் தம் செல்வத்தால் செய்து முடித்ததையும், அதை மக்கள் இன்றுவரை அவர் பெயராலேயே அழைத்து வருவதையும் இந்நகர வரலாற்றின் மிக மதிக்கத்தக்க செயல்களில் ஒன்றாகக் கொள்ளலாம். கட்டபொம்மனுக்கும் பாரதிக்கும் கிடைத்த புகழில் நூற்றில் ஒரு பங்குகூட இம்மனிதருக்கு நகரத்துக்கு வெளியே கிடைக்கவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

பாலத்துக்குப் பிறகு ரயில் வந்தது. 1876இல் மணியாச்சியிலிருந்து கிளைப்பாதை திருநெல்வேலியை எட்டியது. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் செங்கோட்டை வழியே கொல்லத்துக்கும், பின்னர் திருச்செந்தூருக்கும், 1981இல் நாகர்கோவிலுக்கும் பாதைகள் பிரிந்தன. டவுனுக்கும் பாலத்துக்கும் நடுவே, வீரராகவபுரம் பகுதியில் ரயில் நிலையம் அமைந்ததால், அதுவரை வயலும் தோப்புமாக இருந்த இடம் ஒரு மூன்றாம் நகரமாக வளர்ந்தது. மக்கள் அதற்கு இட்ட பெயர் ‘ஜங்ஷன்’. தங்கும் விடுதிகளும் அல்வாக் கடைகளும் பஸ் நிலையமும் அங்கே குவிந்தன. தண்டவாளத்தைக் கடக்க 1970களின் தொடக்கத்தில் கட்டப்பட்ட ஈரடுக்கு மேம்பாலம், மேலே கனரக வாகனங்களும் கீழே இலகு வாகனங்களும் நடந்து செல்வோரும் போகும் வகையில் அமைந்து, டவுனையும் ஜங்ஷனையும் இணைக்கிறது.

சுதேசி இயக்கத்தின்போது இவ்வூர் பெருங்கொந்தளிப்பைக் கண்டது. தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி நடத்திய வ.உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் 1908 மார்ச் 12 அன்று கைது செய்யப்பட, மறுநாள் திருநெல்வேலியில் கடைகள் அடைக்கப்பட்டன, இந்துக் கல்லூரி மாணவர்கள் வகுப்பைவிட்டு வெளியேறினர், நகராட்சி அலுவலகமும் அஞ்சலகமும் காவல் நிலையமும் தாக்கப்பட்டன. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் உயிரிழந்தனர். பெயர் தெரியாத கடைக்காரரும் கூலியாளும் மாணவரும் வீதிக்கு வந்ததால், இதைத் திருநெல்வேலி எழுச்சி என்று வரலாற்றாசிரியர்கள் சரியாகவே அழைக்கிறார்கள். மாணவர்களை அனுப்பிய அதே இந்துக் கல்லூரியின் பள்ளியில்தான் பாரதியார் சில ஆண்டுகள் படித்தார். அக்கல்லூரியில் ஒருகாலத்தில் ஆசிரியராயிருந்த பெ. சுந்தரம் பிள்ளை எழுதிய நாடகமான ‘மனோன்மணீயம்’ நூலிலிருந்தே பிற்காலத்துத் தமிழ்த்தாய் வாழ்த்து எடுக்கப்பட்டது. 1990இல் தொடங்கிய பல்கலைக்கழகம் அவர் பெயரைத் தாங்குகிறது. புதுமைப்பித்தன் பட்டம் பெற்றதும் அக்கல்லூரியிலேயே. வண்ணார்பேட்டையில் ரசிகமணி டி.கே.சிதம்பரநாத முதலியார் வீட்டின் வட்டத்தொட்டியில் கூடிய இலக்கிய அவை, கம்பனை உரக்கப் படித்துச் சுவைக்கும் ஒரு பண்பாட்டையே தமிழ்நாட்டுக்குக் கற்றுக்கொடுத்தது.

நிர்வாக வகையில் நகரம் மெதுவாகவே ஒன்றாயிற்று. 1866இல் திருநெல்வேலியும் பாளையங்கோட்டையும் தனித்தனி நகராட்சிகளாயின. நெசவுக்கும் பீடித் தொழிலுக்கும் பெயர் பெற்ற, முஸ்லிம் மக்கள் செறிந்து வாழும் மேலப்பாளையமும் தனியே இயங்கியது. இம்மூன்றையும் தச்சநல்லூரையும் சேர்த்து மாநகராட்சி அமைந்தது 1994இல்தான். 2011 கணக்கெடுப்பில் அதன் மக்கள்தொகை 4,73,637. இதற்கிடையே 1986இல் தூத்துக்குடியும், 2019இல் தென்காசியும் தனி மாவட்டங்களாகப் பிரிந்தன. ஆற்றின் தலைப்பகுதியும் நடுப்பகுதியும் ஒரு மாவட்டத்திலும் வாய்ப்பகுதி மற்றொன்றிலும் இருப்பதால், ஒரே நீரைப் பற்றிய முடிவுகளை இரு நிர்வாகங்கள் எடுக்க வேண்டிய நிலை உருவாகியிருக்கிறது.

நகரம் ஆற்றுக்கு எவ்வளவு அருகே வந்துவிட்டது என்பதை 1999 ஜூலை 23 மிகக் கொடுமையான முறையில் காட்டியது. மலைமேல் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் கூலிக் கோரிக்கைக்காகவும் கைதானோரின் விடுதலைக்காகவும் கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகத்தை நோக்கி வந்த ஊர்வலத்தில் போலீசார் தடியடி நடத்த, சிதறி ஓடியவர்கள் ஆற்றில் இறங்கினார்கள். குழந்தை ஒன்று உட்பட 17 பேர் மாண்டனர். ஒவ்வோர் ஆண்டும் அந்நாளில் ஆற்றில் மலர் தூவி அஞ்சலி செலுத்துகிறார்கள். பாலத்தின் வளைவுகளை வியந்து பார்க்கும் பயணி அதே கரையில் நடந்த இதையும் அறிந்திருக்க வேண்டும்.

கடந்த ஐம்பது ஆண்டுகளில் நகரம் பெரும்பாலும் தெற்கிலும் கிழக்கிலும் பரந்திருக்கிறது. பெருமாள்புரம், மகாராஜநகர் போன்ற குடியிருப்புகள் எழுந்தன. ஹைகிரவுண்டில் 1965இல் மருத்துவக் கல்லூரி வந்தது. மேட்டு நிலத்துக்குச் சென்ற அந்த வளர்ச்சியில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் கால்வாய்களின் கடைசியில் இருந்த குளங்களை நிலமாகக் கருதத் தொடங்கியதுதான் பெருந்தவறு. புதிய பஸ் நிலையம் வேய்ந்தான்குளத்தில் கட்டப்பட்டது. நயினார்குளக் கரையில் காய்கறிச் சந்தை விரிந்தது. கால்வாய்கள் வீடுகளுக்குப் பின்னே ஒடுங்கிச் சாக்கடை கலக்கும் ஓடைகளாயின. ஆற்றங்கரையில் வெள்ளம் பரவ வேண்டிய தாழ்வான வெளியான சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம், கொக்கிரகுளம் பகுதிகளில் கட்டடங்கள் நெருங்கின. 1992 நவம்பரில் ஒருமுறை கடும் வெள்ளம் இதை எச்சரித்தது. 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பதிவான அந்தப் பெருமழையில், ஆறு தன் பழைய எல்லையைத் திரும்ப எடுத்துக்கொண்டது. ஜங்ஷன் பஸ் நிலையமும் கலெக்டர் அலுவலக வளாகமும் ஆற்றோரக் குடியிருப்புகளும் நீரில் நின்றன. குறுக்குத்துறைக் கோயிலும் மூழ்கியது. அது மூழ்குவதற்கென்றே கட்டப்பட்டதால், வடிந்தபின் அதைக் கழுவினால் போதுமானதாக இருந்தது. கரையோர வீடுகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

வெள்ளத்தைப் போலவே வறட்சியும் மாசும் இங்கே கேள்விகளாக நிற்கின்றன. ஆற்றுமணல் அள்ளப்பட்டதால் படுகை தாழ்ந்து கால்வாய்த் தலைப்புகளுக்கு நீர் ஏறாமல் போனபோது, முதுபெரும் தலைவர் ஆர். நல்லகண்ணு தொடுத்த வழக்கில் 2010இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை மணல் அள்ளத் தடை விதித்தது. நகரின் கழிவுநீர் ஆற்றில் கலப்பதும் அதே நீதிமன்றத்தில் பலமுறை வழக்காயிற்று. நகருக்குக் கீழே சீவலப்பேரியில் சிற்றாறு கலக்க, அங்கிருந்து மருதூர், ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுகள் வழியாகச் செல்லும் இதே நீர்தான் தூத்துக்குடி மாவட்டத்தின் வயலுக்கும் குடிநீர்த் திட்டங்களுக்கும் போய்ச் சேர்கிறது. பாதாளச் சாக்கடைத் திட்டத்தின் எஞ்சிய பணிகளும், கோடகன், நெல்லை, பாளையங்கால்வாய் ஆகியவற்றின் கரைகளை அளந்து ஆக்கிரமிப்பை அகற்றுவதும் மாநகராட்சியும் நீர்வளத் துறையும் ஒன்றுசேர்ந்து செய்ய வேண்டியவை. டவுனுக்கும் குறுக்குத்துறைக்கும் இடையே இன்னும் எஞ்சியிருக்கும் வயல்களில், சுத்தமல்லி அணைக்கட்டில் மதகு திறந்ததும் பிசான நடவு தொடங்குகிறது. அந்த வயல்களை மனை நிலமாக மாற்ற அனுமதி அளிப்பதா வேண்டாமா என்பதைத்தான் இந்நகரத்தின் அடுத்த வரைபடத்தைத் தீட்டுவோர் முதலில் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.